ஆடாத வியாழன்

பெப்ரவரி 6, 2025

ஹேவாஹெட்ட தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் மலிவு விலையில் வாங்கிய தொலைநோக்கி: வில்லை 70 மில்லிமீட்டர், குவியத்தூரம் 700. பெட்டியில் 525 மடங்கு என்று அச்சடித்திருக்கிறார்கள். இந்த வில்லைக்கு 140 மடங்கே உச்சம், அதற்குமேல் மங்கல்தான். இன்று நிலா வியாழனுக்கு அருகில். 10 மில்லிமீட்டர் பார்வைத்துண்டைப் போட்டார், 70 மடங்கு. குவியம் திருத்தும் குமிழைத் தொட்டதும் வியாழன் துள்ளும் ஒளிக்கீற்றாகிவிட்டது. வில்லையில் பழுதில்லை, காலில்தான்.

பெப்ரவரி 8

"சேர், இது முக்காலியா, ஊஞ்சலா?" என்றார் தச்சு பாஸ்.

கால்களை முழுக்க உள்ளே தள்ளி, நடுவில் ஆற்றுமணல் மூட்டையைத் தொங்கவிட்டு, பாதங்களுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்புத் துண்டுகளை வைத்தார்கள். காசு செலவில்லை, ஆட்டம் சீக்கிரம் அடங்குகிறது. ஆனால் குழாயைப் பிடித்திருக்கும் தகரக் கவை இன்னும் நெளிகிறது.

பெப்ரவரி 9

துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சாய்க்கும் தாங்கி ஒன்றை வாங்கலாமா என்று யோசித்தார். ஹேவாஹெட்டவில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 7 பாகைதான், மலை மறைத்துவிடும். அச்சும் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும், எதிர்எடை முக்காலியில் இடிக்கும். குளிர்நாடுகளுக்கென்று செய்த ஏற்பாடு அது.

நமக்குத் தோது ஜோன் டொப்சனின் பெட்டி. 1944இல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் சேர்ந்து, 1967 வரை துறவியாக இருந்தவர் அவர். கையில் காசில்லாததால் ஒட்டுப்பலகையிலும் கழிவுப் பொருட்களிலும் தொலைநோக்கி செய்து, தெருவோரத்தில் வைத்து வழிப்போக்கர்களுக்கு வானம் காட்டினார். அவருடைய தாங்கியில் பற்சக்கரம் கிடையாது. எடையும் உராய்வும் போதும்.

பெப்ரவரி 15

டொப்சன் பெட்டி செய்யத் தேயிலைப் பெட்டிப் பலகை போதாது, மெல்லியது; அந்தப் பெட்டிகளும் காகிதச் சாக்கு வந்தபின் அரிதாகிவிட்டன. ஆகவே 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. அடித்தட்டில் ஃபோர்மைக்கா ஒட்டி, அதன்மேல் மூன்று டெஃப்லான் துண்டுகளில் பெட்டி சுழல்கிறது. நடுவில் ஒரு போல்ட். டெஃப்லானில் நகரத் தொடங்கும்போதுள்ள உராய்வும் நகரும்போதுள்ள உராய்வும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் வெடுக்கென்று இழுபடாது. குழாயின் இருபுறமும் பீவீசி மூடிகள்தான் அச்சு. அவை குழாயின் சமநிலைப் புள்ளியில் இருக்கவேண்டும். பார்வைத்துண்டை மாற்றினால் அந்தப் புள்ளியும் நகரும் என்பதால் குழாயை முன்னும் பின்னும் தள்ள இடம் விட்டார் பாஸ். எல்லாவற்றையும் தாங்க ஒரு கனமான மர ஸ்டூல்.

பெப்ரவரி 26

சிவராத்திரி, நிலவில்லாத வானம். கோவிலுக்குக் கண்விழிக்க வந்த சனம் பெட்டிக்கு முன்னால் வரிசை கட்டியது. 70 மடங்கில் வியாழன் பார்வைப் புலத்தைக் கடக்க ஏறக்குறைய மூன்று நிமிடம்; ஒருவர் பார்த்துவிட்டு விலக, விரலால் இலேசாகத் தள்ளினால் அடுத்தவருக்கும் கிடைக்கிறது.

இந்தப் பெட்டிக்கும் ஒரு வக்கிரம் உண்டு: உச்சிக்கு நேரே திருப்பினால் பக்கவாட்டில் தள்ளப் பிடி கிடைக்காது. ஏழு மணிக்கு ஒரியன் அங்கேதான் நின்றது. ஒன்றரை மணி நேரம் பொறுத்து, அது மேற்கே சரிந்த பிறகுதான் நெபுலாவைக் காட்ட முடிந்தது. விடியற்காலைப் பனியில் பலகை ஊதி, சுழற்சி இறுகிவிட்டது. இரண்டு பூச்சு வார்னிஷ் வேண்டும். விளிம்புகளுக்கு மூன்று என்கிறார் பாஸ்.