அம்மாவைப் பூட்டி வைத்த பாஸ்வேர்டு

டிசம்பர் கடைசி நாள். ஹால்ல மாட்டியிருந்த தினசரி காலண்டர் தீர்ந்து போச்சேன்னு கழட்டினேன். அட்டைக்குப் பின்னாடி அம்மாவோட கையெழுத்து.

"பெரிய கே. சின்ன ஏ. ஏழு. குறுக்கே கோடு போட்ட எஸ். சின்ன எம். ஒத்தைக் கோடு, கீழே புள்ளி..."

இப்படியே பதினாறு ஐட்டம். கடைசியில "எண்டர்"னு எழுதி ரெண்டு தரம் அடிக்கோடு வேற!

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடுத்த நொடியே வயித்தைக் கலக்கிடுச்சு. அது டிவியோட இணைச்சிருக்கிற நம்ம லினக்ஸ் பொட்டியோட பாஸ்வேர்டு. உலகத்துல எவனாலும் கண்டுபிடிக்க முடியாதுன்னு நான் மார்தட்டிக்கிட்டு வச்சது. கேபிள்காரர், தண்ணி கேன் போடறவர், எதிர்வீட்டுப் பொடிசுங்க எல்லாரும் வந்து போற ஹால்ல, ஒரு ஆணியில தொங்கிட்டிருந்திருக்கு. ஆறு மாசமா!

பொட்டியைப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். பழைய குட்டி கம்ப்யூட்டர், லினக்ஸ் மின்ட், மேலே கோடி. படம், பாட்டு, குடும்ப வீடியோ எல்லாம் அதுலதான். வீட்டுப் பத்திரம், வருமான வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட் ஸ்கேன்களையும் சோம்பேறித்தனமா அதே கணக்குல போட்டு வச்சிருந்தேன். ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு, பத்து நிமிஷம் சும்மா இருந்தா திரை பூட்டிக்கும். பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் வீட்டுல பாதுகாப்பு இல்லாட்டி எப்படி, ஹி ஹி.

"ஏம்மா, என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"நீ ஆபீஸ்ல மீட்டிங்ல இருப்ப. மத்தியானம் கரண்ட் போயிட்டு வந்தா அது பாட்டுக்கு என்னமோ கேக்குதுடா. நீ ஒருநாள் சொன்னத எழுதி வச்சுக்கிட்டேன். அடிச்சுப் பாப்பேன், சில நாள் திறக்கும், சில நாள் தப்புங்கும். சரி போன்னு படுத்துருவேன்."

அப்படி என்ன பார்க்கணும் மத்தியானத்துல? தங்கமணிதான் சொன்னாங்க. "மாமாவோட வீடியோ. குட்டி காதுகுத்துல எடுத்தது. தினம் அதைத்தான் போட்டுப் பார்ப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அப்பா 2021ல போயிட்டார். அந்த வீடியோ பதினோரு நிமிஷம். பேத்தியை மடியில வச்சுக்கிட்டு, ஆசாரிகிட்ட "வலிக்காம குத்துப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்"னு கெஞ்சிட்டு இருப்பார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்தப் பாஸ்வேர்டு யாரைத் தடுக்குதுன்னு யோசிச்சேன்.

திருடனையா? வட்டை என்க்ரிப்ட் பண்ணாத பொட்டியில லாகின் பாஸ்வேர்டு திருடனுக்கு ஒரு பொருட்டே இல்லை. பென் டிரைவ்ல வேற லினக்ஸைப் போட்டு பூட் பண்ணினா மொத்த ஃபைலும் அவன் கையில. இன்டர்நெட்காரனையா? அவன் டிவி முன்னாடி உக்காந்து டைப் அடிக்கப் போறதில்லை. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, அந்தப் பதினாறு எழுத்து ஒழுங்காத் தடுத்த ஒரே ஆள் எங்கம்மா.

உடனே கோபத்துல, சூடோ முதக்கொண்டு எல்லாத்துக்கும் பாஸ்வேர்டைத் தூக்கிடலாம்னு கை பரபரத்துச்சு. நல்லவேளை, காபி குடிச்சுட்டு யோசிச்சேன். கோடியில போடற ஆட்-ஆன் எல்லாம் அந்த யூசரோட முழு உரிமையோட ஓடற பைத்தான் நிரல்கள். எவனோ எழுதின ஒரு திருட்டு ஆட்-ஆன் உள்ள வந்து, சூடோவும் பாஸ்வேர்டு கேக்கலைன்னா, பொட்டியே அவனோடதுதான். "நம்ம டிவி பொட்டியில எவனுக்கு என்ன கிடைக்கும்"னு கேக்காதீங்க. 2016ல மிராய்னு ஒண்ணு வந்துச்சு. கம்பெனி வச்ச பாஸ்வேர்டை மாத்தாத கேமரா, ரவுட்டர்களையெல்லாம் அறுபத்துச் சொச்சம் ஜோடி யூசர் நேம்-பாஸ்வேர்டை வச்சே பிடிச்சு, அந்தப் படையை வச்சு பெரிய பெரிய தளங்களையே படுக்க வச்சாங்க. அவனுக்கு வேண்டியது நம்ம படமில்லை, நம்ம இணைய இணைப்பு.

அதனால இப்படிப் பிரிச்சேன்.

"வீடு"ன்னு புது யூசர். தானா லாகின் ஆகும், திரை பூட்டாது. மின்ட்ல லாகின் விண்டோ செட்டிங்ஸ்லயே இதுக்கு இடம் இருக்கு. ஆனா இந்த யூசருக்குச் சூடோ உரிமை கிடையாது. படம், வீடியோ ஃபோல்டர் எல்லாம் என் பேர்ல, "வீடு" படிக்க மட்டும்தான் முடியும். குட்டி ரிமோட்டை எப்படி அமுக்கினாலும் தாத்தா வீடியோ அழியாது.

என்னோட கணக்கு தனி, பெரிய பாஸ்வேர்டோட. பத்திரம், கணக்கு வழக்கெல்லாம் லக்ஸ் போட்டுப் பூட்டின தனிப் பார்ட்டிஷன்ல. வேணும்போது நான் திறப்பேன். மொத்த வட்டையும் பூட்டியிருந்தா ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கு அப்புறமும் பூட் ஆகிறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்டு கேட்டு நின்னிருக்கும். மறுபடியும் காலண்டர் அட்டைதான்! கரண்ட் வந்ததும் பொட்டி தானா கிளம்பற மாதிரி பயாஸ்லயும் மாத்தியாச்சு. எஸ்எஸ்ஹெச்ல பாஸ்வேர்டு நுழைவை நிறுத்திட்டு, சாவி ஃபைல் மட்டும். ரவுட்டர்ல வெளியிலேர்ந்து ஒரு கதவும் திறந்து விடலை.

இதோட முடிஞ்சுதா? எங்க! தானா லாகின் ஆனதும் பிரவுசர் "கீரிங்கைத் திற"ன்னு பாஸ்வேர்டு கேட்டுச்சு. லாகின்ல பாஸ்வேர்டு அடிச்சாத்தான் அந்தச் சாவிக்கொத்தும் சேர்ந்து திறக்கும், நாமதான் அடிக்கவே இல்லையே. "வீடு" யூசரோட கீரிங்குக்கு மட்டும் வெத்துப் பாஸ்வேர்டு வச்சேன். அதுக்கு விலை, அந்தப் பிரவுசர்ல எந்தப் பாஸ்வேர்டையும் சேமிக்கக் கூடாது, மெயில் திறக்கக் கூடாது. இன்னொரு நாள் அம்மா ஷட் டவுன் பண்ணப் போனா அட்மின் பாஸ்வேர்டு கேட்டுச்சு. பார்த்தா நான் மாடியிலேர்ந்து எஸ்எஸ்ஹெச்ல உள்ள இருக்கேன். இன்னொருத்தர் வேலை செய்யறப்போ பொட்டியை அணைக்கலாமான்னு கேக்குதாம். நியாயம்தான். இப்போ வேலை முடிஞ்சா ஒழுங்கா லாக் அவுட் பண்ணிடறேன்.

பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்தாத்தான் நல்ல பாஸ்வேர்டுன்னு நம்பினவன் நான். 2003ல அமெரிக்காவோட நிஸ்ட் அமைப்புக்காக அந்த மாதிரி விதிகளை எழுதினவர் பில் பர். அவரே 2017ல, அதுல நிறையவற்றை எழுதினதுக்கு வருத்தப்படறேன்னு சொல்லிட்டார். அதே வருஷம் நிஸ்ட்டும் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டு, நீளத்துக்கு முக்கியத்துவம் கொடுத்துச்சு. இப்போ என் அட்மின் பாஸ்வேர்டு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ஆறு தமிழ் வார்த்தை, ஆங்கில எழுத்துல. தங்கமணிக்கும் ரெண்டே நாள்ல மனப்பாடம்.

ஆமா, தங்கமணிக்கும் சொல்லியிருக்கேன். அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. அப்பாவோட போன் இன்னும் பீரோவுல கிடக்கு. அதோட பேட்டர்ன் எங்க யாருக்கும் தெரியாது. மனுஷன் கடைசி ரெண்டு வருஷம் என்னென்ன போட்டோ எடுத்தாரோ, எல்லாம் அதுக்குள்ள. அன்னிக்கு நான் கோட்டை கட்டினதா நினைச்ச அதே தப்பை அவரும் அறியாம பண்ணிட்டுப் போயிருக்கார்.

அதனால அந்த ஆறு வார்த்தையை, லக்ஸ் பாஸ்வேர்டோட சேர்த்து, ஒரு வெள்ளைத்தாள்ல தெளிவா எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, பீரோ லாக்கர்ல அப்பா போனுக்குப் பக்கத்துல வச்சுட்டேன். போன ஞாயித்துக்கிழமை தங்கமணியை உக்கார வச்சு, நான் கை வைக்காம, பத்திரம் இருக்கிற பார்ட்டிஷனைத் திறக்கச் சொன்னேன். மூணாவது தடவையில திறந்துட்டாங்க. "எதுக்கு இப்போ இதெல்லாம்?"னு முறைச்சாங்க. பதில் சொல்லலை.

ஹால்லேர்ந்து "வலிக்காம குத்துப்பா"ன்னு சத்தம் கேட்டுக்கிட்டிருந்தது.

டிஸ்கி: காலண்டர் அட்டையில இருந்த பாஸ்வேர்டு மாத்தியாச்சு. யாரும் கே, ஏ, ஏழுன்னு முயற்சி பண்ணாதீங்க மக்கா :-)