மருந்தில்லா ஊசி

ஊசியென்றாலே மருந்தை நினைப்பது நம் வழக்கம். 1979இல் செக்கோஸ்லோவாக்கிய மருத்துவர் காரெல் லெவிட், 241 நோயாளரின் 312 வலியிடங்களை ஆராய்ந்து, தசைவலி தணிவதில் மருந்தின் விளைவு வேறு, ஊசிமுனையின் விளைவு வேறு என எழுதினார். உலர் ஊசி முறையின் அடிப்படை இதுவே. சீன அக்குபங்சர் உயிராற்றல் ஓடும் வழியைத் தேடும். இதுவோ இறுகிய தசைமுடிச்சையே நாடும்.

விடைத்தாள் திருத்தித் திருத்தி, எம் வலக்கை கரும்பலகைக்கு உயர மறுத்தது. பணிக்கே இடர் வந்தமையால் இயன்முறை மருத்துவரை அடைந்தோம். மயிரிழை போன்ற ஊசி தைத்ததும் தோள்தசை மீன்போல் ஒருமுறை துள்ளித் தளர்ந்தது. தைத்த நோவு இரு நாள் நின்றது, கை உயர்ந்தது. உடற்பயிற்சியின்றி இப்பயன் நிலைப்பது அரிது என்றார் அவர். தோளடியில் நுரையீரலின் நுனி உளது. ஆழம் தவறின் அது துளைபடும். ஆதலின் உடற்கூறு கல்லாதார் கையில் இவ்வூசியை ஒப்படைக்க எம் மனம் ஒப்பவில்லை.