அச்சுத் தகட்டின் மேற்பூச்சு

பத்திரிகையின் எழுத்துகள் எவ்வாறு பதிகின்றன என்று மாணவரை வினவினால், மேடான எழுத்தில் மை தடவித் தாளில் அழுத்துவதாகவே பலர் விடை பகர்வர். ஈய எழுத்துக் கோத்த காலத்திற்கு அவ்விடை பொருந்தும். இன்று பெரும்பாலான பத்திரிகைகளை அச்சிடும் தகட்டிலோ கண்ணுக்குத் தெரியும் மேடுமில்லை, பள்ளமுமில்லை. ஒரே மட்டமான தளத்தில் மை ஓரிடத்தில் ஒட்டுகின்றது; அடுத்த இடத்தில் ஒட்ட மறுக்கின்றது. எண்ணெயும் நீரும் சேரா என்பதே இதன் சூக்குமம்.

இதனைத் தொழிலாக்கியவர் அலோய்ஸ் செனெபெல்டர். தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிய அவர், மூனிக் நகரில் 1798 ஆம் ஆண்டளவில் இம்முறையைக் கண்டார். பவேரியச் சுண்ணக்கல்லில் கொழுப்பு மையால் எழுதி, அரபுப் பிசினும் சிறிது நைத்திரிக்கமிலமும் கலந்த நீரைப் பூசினார். எழுதிய இடம் மையை ஏற்றது. எழுதாத இடம் நீரை ஏற்றது. நம் வேலமரத்தின் இனத்துப் பிசினாகிய அதனை இன்றும் அச்சுக்கூடத்தார் முற்றாகக் கைவிட்டிலர் என்பது நமக்கு வியப்பே.

கல்லோ பாரம் மிக்கது. உருளையிற் சுற்ற இயலாதது. ஆதலின் நாகத் தகடும் அலுமினியத் தகடும் வந்தன. அவை நீரைத் தாங்குதற்குச் சொரசொரப்பு வேண்டுமாதலால், தொட்டியிலிட்டு, மணலும் நீரும் போளை போன்ற உருண்டைகளும் பெய்து ஆட்டுவர்.

எம் பெரியப்பா கொழும்பில் ஓர் அச்சுக்கூடத்தில் இவ்வேலை செய்து, 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் யாழ்ப்பாணம் மீண்டவர். முட்டை வெண்கருவில் அமோனியம் இருகுரோமேற்றைக் கரைத்துத் தகட்டிற் பூசிச் சுழற்றி உலர்த்துவாராம். அதன்மேல் எதிர்ப்படத்தை வைத்து வில்விளக்கின் ஒளியைப் பாய்ச்ச, ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் நீரிற் கரைந்துபோகும். குரோமேற்றுக் கலந்த புரதத்தின் இவ்வியல்பை 1855 இல் அச்சுக்குப் பயன்படுத்தியவர் பிரான்சியரான புவாத்தவேன். பூசிய தகட்டை வைத்திருக்கவும் இயலாது. கொழும்பின் வெப்பத்திலும் ஈரத்திலும் அது இருட்டிலேயே இறுகத் தொடங்கிவிடும். ஆகவே அன்றன்று பூச வேண்டும். அன்றன்று கை நனைய வேண்டும்.

அவர் விரல் மூட்டுகளில் மிளகளவான குழிகள் இருந்தன. நகங்களின் பழுப்பு நிறத்தைக் கழுவினாற் போகாதா என்று சிறுவயதில் நாம் கேட்டோம். "சவுக்காரத்துக்குப் போகாது, தம்பி" என்றார். அந்த அச்சுக்கூடத்தார் கையுறை கொடுத்ததேயில்லை. முட்டை வெண்கரு புரதம். நம் தோலும் புரதமன்றோ! குரோமியம் தோலினுட் புகுந்து அங்குள்ள புரதத்தோடும் பிணைகின்றது. அதன் ஆவித்துளிகளும் தூசும் நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமாவதையும் அறிவியலார் நிறுவியுள்ளனர். பட்டம் பெறப் பயின்றபோதுதான் அக்குழிகளின் பொருள் நமக்கு விளங்கிற்று. அப்போது பெரியப்பா இல்லை.

1950 களில் ஈரசோச் சேர்வை பூசி விற்பனைக்கு வந்த அலுமினியத் தகடுகள் மெல்ல மெல்ல இவ்வேலையை ஒழித்தன. இன்றைய தகட்டின் பூச்சு ஒன்றிரண்டு மைக்கிரோமீற்றர் தடிப்பே. பல அச்சுக்கூடங்களில் கணினி ஏவும் செங்கீழ் லேசர்க் கதிரே அதில் எழுதுகின்றது. எதிர்ப்படமுமில்லை, முட்டையுமில்லை.

எம் ஆய்வுகூடத்தில் மட்டும் பொற்றாசியம் இருகுரோமேற்றுப் போத்தல் ஒன்று இன்னும் உண்டு. அதனைத் திறக்குமுன் கையுறை அணியுமாறு கூறினால், புழுக்கமென்று மாணவர் முகஞ்சுளிப்பர். அணிந்த பின்னரே போத்தலைக் கொடுக்கின்றோம்.