ஜெனரல் காலத்து ஒப்பந்தம்: சில குறிப்புகள்

புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் காலாப்பட்டுக்குப் போனால் நடுவில் தமிழ்நாடு வந்துவிடும். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. பல்கலைக்கழகமும் மத்திய சிறையும் உள்ள ஊர் ஏன் இப்படித் தனித்துண்டாகக் கிடக்கிறது? வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் பிரித்துக்கொண்ட எல்லை என்பார்கள். சரிதான். பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அந்த எல்லை அப்படியே இருப்பதற்கு ஒரு ஒப்பந்தமும் காரணம். அதை முடித்துக் கொடுத்தவர் ஜனாதிபதியாகிவிட்ட ஒரு ஜெனரல், சார்ல் தெ கோல்.

*

1954 அக்டோபர் 18, புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூர். வாக்களித்தவர்கள் 178 பேர். பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவோடு சேர 170, எதிர்த்து 8. எல்லோரும் மக்கள் பிரதிநிதிகள். வங்காளத்திலிருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்தர்நாகூரில் 1949இல் மக்களையே நேரடியாகக் கேட்டார்கள், நம்மைக் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்தல்தான்.

நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பிறகு ஆறு வருடம் பாரிஸ் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. காலாப்பட்டில் பறந்தது இந்தியக் கொடி. சட்டப்படி மண் பிரான்சுடையது.

*

தெ கோல் வந்த விதம் அழகானதல்ல. 1958 மே மாதம், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸில் ராணுவம் முரண்டு பிடித்தது. அந்த மிரட்டலுக்கு நடுவில்தான் நாடாளுமன்றம் அவரைப் பிரதமராக்கியது. 1959 ஜனவரியில் ஜனாதிபதி. ஆனால் 1961 ஏப்ரலில் ஓய்வுபெற்ற நான்கு ஜெனரல்கள் அதே அல்ஜியர்ஸில் கலகம் செய்தபோது, பழைய சீருடையை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் தோன்றி, அவர்களுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்று சிப்பாய்களுக்கு உத்தரவிட்டார். சில நாளில் கலகம் அடங்கியது.

1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை. அதே மாதம் நம் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல். அல்ஜீரியாவே போன பிறகு காலாப்பட்டையும் காரைக்காலையும் யார் இழுத்துப் பிடிப்பார்கள்? ஆகஸ்ட் 16இல் ஆவணங்கள் கைமாறின. 1963 ஜூலை 1இல் புதுச்சேரிக்குச் சட்டமன்றம், எதுவார் குபேர் முதல் முதலமைச்சர்.

*

ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவு: புதுச்சேரியின் தனி நிர்வாக நிலை தொடரும், மாற்றுவதென்றால் மக்கள் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசமும் கொடுத்தார்கள். சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்களின் குடும்பங்கள், பலவும் அப்படித்தான் பிரெஞ்சுக்காரர்களாக இருக்கின்றன. பிரான்சின் ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது அதே 1962 அக்டோபரில். இவர்கள் இன்றும் புதுச்சேரியிலேயே அந்தத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள்.

*

ஜனாதிபதியாகிவிட்ட ஜெனரல் இன்னொருவரும் உண்டு. அதே 1962, மார்ச் 2. பர்மாவின் ரங்கூனில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் நாட்டுடைமையாயின; பர்மாத் தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள். 1972இல் சீருடையைக் கழற்றிவிட்டு 1974இல் அவரும் ஜனாதிபதியானார். உடுப்பு மாறினால் ஆள் மாறிவிடுவதில்லை.

*

1969 ஏப்ரல் 27இல் பொதுவாக்கெடுப்பில் தெ கோல் தோற்றார். மறுநாளே பதவி விலகினார். எப்படி வந்தார் என்பதை நான் மன்னிப்பது இந்த ஒரு நாளுக்காக.

பர்மாவில் ஜனாதிபதியாக இருந்த முன்னாள் ஜெனரல் தெய்ன் செய்னும் 2015 தேர்தலில் தன் கட்சி தோற்றதை ஒப்புக்கொண்டு, 2016 மார்ச்சில் மரியாதையாகவே விலகினார். ஆனால் நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் ராணுவத்துக்கு என்ற 2008 அரசியல் சட்டம் அப்படியே இருந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று அந்தச் சட்டத்தைக் காட்டியே ராணுவம் ஆட்சியைப் பறித்தது.