மேட்டூர் நீர்மட்டமும் உங்க பிரஷரும்

1/ ஜூன் நெருங்கினா பாபநாசம் பக்கம் ஓபி-க்கு வர்ற விவசாயிகள் பலரும் சொல்றது: "தூக்கமே வரல டாக்டர்." ராத்திரியெல்லாம் வாட்ஸ்அப்பில் மேட்டூர் நீர்மட்டம்.

2/ கவலை நியாயமானது. ஜூன் 12-ல அணை திறந்தாதான் குறுவைக்கு நிம்மதி. ஆனா வெள்ளம் வராத நாள்ல, 120 அடி அணையோட மட்டம் மணிக்கு மணி மாறாது. திறந்துவிட்ட தண்ணியே கல்லணைக்கு வர மூணு நாள் ஆகும்.

3/ நடுராத்திரி "இந்த வருஷம் தண்ணி இல்லையாம்"னு ஒரு ஃபார்வர்டு. உடம்பு அதை நேர்ல வந்த ஆபத்தாவே எடுத்துக்கும். அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும்.

4/ போனை விட வேண்டாம். காலையில ஒரு தடவை அரசு அறிவிக்கிற அளவைப் பாருங்க. குரூப்பை மியூட் பண்ணுங்க. படுக்கும்போது போன் கூடத்துலயே இருக்கட்டும்.

5/ ரெண்டு வாரமா தூக்கமில்லைன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க. சாகலாம்னு தோணினா ஒரு நிமிஷம்கூட காத்திருக்காம அதே போன்ல 14416. 2022 அக்டோபர்ல இருந்து இருக்கு. இலவசம், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். கடன், பயிர், எதுவானாலும் சொல்லலாம்.

6/ அப்பா, தாத்தா போன்ல இந்த நம்பரை இன்னைக்கே சேவ் பண்ணிக் குடுங்க.