ஞானப்பல்லும் வெறும் ஊசியும்

1978இல் சான்பிரான்சிஸ்கோவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர் ஞானப்பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிலருக்கு ஏற்றப்பட்டது மருந்தே இல்லாத வெறும் ஊசி. ஆனாலும் அவர்களில் ஒரு பகுதியினருக்கு வலி அடங்கியது. அடுத்து நலோக்சோன் செலுத்தியதும் அதே ஆட்களுக்கு வலி ஏறியது. மார்ஃபின் போன்றவற்றின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. அதுவரை வலியை அமுக்கி வைத்திருந்தது உடம்பே சுரந்த, மார்ஃபின் போன்ற எண்டார்ஃபின்தான் என்று மூவரும் கணித்தார்கள்.

"எல்லாம் மனசுதான்" என்று பார்க்க வருகிற சொந்தக்காரர் சொன்னால் எரிச்சல்தான் வரும். அதிலும் கொஞ்சம் வேதியியல் இருக்கிறது, என்ன செய்ய!

பல் பிடுங்கிய பிறகு, வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முதல் நாளில் ஐஸ்தான் துணை. துணியில் சுற்றிக் கன்னத்தில் இருபது நிமிடம் வைப்பது, இருபது நிமிடம் எடுப்பது. படுக்கும்போது தலை உயர்ந்திருந்தால் வீக்கம் குறையும்.

வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் 24 மணி நேரம் கழித்துத்தான். அவசரப்பட்டுக் கொப்பளித்தால் பல் இருந்த குழியை மூடியிருக்கும் ரத்தக்கட்டி கழன்றுவிடலாம். ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினாலும், சிகரெட் இழுத்தாலும் அதே ஆபத்து. அப்படிக் கழன்று எலும்பு வெளியே தெரிந்தால் மூன்றாம் நாள் வாக்கில் வலி காதுவரை தெறிக்கும். அந்த வலிக்கு ஐஸும் போதாது, எண்டார்ஃபினும் போதாது. டாக்டர்தான் குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும்.