நிறையும் சோதிடமும்

முன்னாளில் இந்தியப் புகையிரத நிலையங்களில் நிறை பார்க்கும் பொறிகள் நின்றன. ஏறி நின்று நாணயமிட்டால் ஒரு சிறு அட்டை விழும். ஒரு பக்கத்தில் நிறை. மறு பக்கத்தில் சோதிடம். நிறையை மறந்து சோதிடத்தையே திரும்பத் திரும்பப் படித்தவர்களும் உண்டு.

அப்பொறியின் பேரப்பிள்ளை ஒன்று அண்மையில் எம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. கண்ணாடித் தட்டு, மலிந்த விலை. வெறுங்காலுடன் ஏறி நின்றால் கைத்தொலைபேசியில் நிறை, கொழுப்பு, நீர், தசை, என்பு என்று கணக்குகள் வரிசையாகத் தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலாக ‘உடலின் வயது’ என்றும் ஒன்று உண்டு.

இவற்றுள் உண்மையாக நிறுக்கப்படுவது நிறை ஒன்றே. தட்டின் மூலைகளிலுள்ள உலோகத் துண்டுகள் பாரத்தால் மிக நுண்ணிதாக வளைய, அவற்றோடு ஒட்டிய கம்பியின் மின்தடை மாறுகின்றது. அம்மாற்றமே நிறையாகக் காட்டப்படுகின்றது. அரை லீற்றர் நீர் அருந்திவிட்டு மீண்டும் ஏறினேன். அரைக் கிலோ கூடியது. மலிவான பொருளாயினும் இதிற் குறை சொல்வதற்கில்லை. சீமெந்துத் தரையில் வைத்தல் வேண்டும். பாயின்மேல் வைத்தாற் பிழைக்கும்.

கொழுப்பின் கதை வேறு. ஒரு பாதத்தால் உட்புகுந்து மறு பாதத்தால் வெளியேறும் மெல்லிய மின்னோட்டத்துக்கு உடல் காட்டும் தடையைக் கருவி அளக்கின்றது. (இதயத்தில் மின்முடுக்கி பொருத்தியோர் இதில் ஏறலாகாது.) நீர் செறிந்த தசை மின்னை இலகுவிற் கடத்தும், கொழுப்பு அவ்வாறு கடத்தாது. மின்னோட்டமோ பெரும்பாலும் கால்கள் வழியே போய் வருவதால், வயிற்றின் செய்தி அதற்கு அதிகம் எட்டுவதில்லை. எஞ்சியதை நாம் பதிந்த வயது, உயரம் முதலியவற்றைக் கொண்டு ஒரு சூத்திரம் ஊகித்துக்கொள்கின்றது. இதைச் சோதிக்க எண்ணி என் வயதில் இருபதைக் குறைத்துப் பதிந்தேன். அந்நிமிடமே கொழுப்பும் குறைந்தது! காயகற்பம் தேடிய சித்தர்கள் இவ்வழியை அறியாது போயினர்.

வேடிக்கை இவ்வளவோடு நின்றிருந்தால் இதனை எழுத முற்பட்டிரேன். பதினாறு வயது மகள் ஒருநாள் ஏறி நின்றாள். ‘கொழுப்பு அதிகம்’ எனச் சிவப்பெழுத்துத் தோன்றியது. அன்றிரவு பிட்டு வேண்டாமென்றாள். மறுநாளும் பசியில்லை என்றாள். காரணத்தைக் கண்டுபிடித்தவள் அவள் தாய். வளரும் பிள்ளைகளை வளர்ந்தோரின் எல்லைகளால் அளத்தல் ஆகாது. அவர்களுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணைகள் வேறாக உண்டு. இதைச் சொன்னால் மட்டும் போதுமா? அவளை அருகில் இருத்தி, உயரத்தில் ஒரு சாண் கூட்டிப் பதியச் செய்தேன். சிவப்பு பச்சையாயிற்று. சிரித்தாள். எனினும் முன்போல் உண்ண ஒரு வாரம் சென்றது. அவள் பெயரைச் செயலியிலிருந்து நீக்கிவிட்டோம்.

நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கும் அதிலே வருகின்றது. 1832 இல் அதை வகுத்த பெல்ஜிய நாட்டுக் கெற்றலே வானியலும் புள்ளிவிபரமும் கற்றவர், மருத்துவரல்லர். எமது கருவி 25 வரை பச்சை காட்டுகின்றது. ஆசிய மக்களுக்கு 23 இலேயே கவனம் வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் வெளியிட்டது. மெலிந்து தோன்றும் எம்மவரிடத்தும் வயிற்றிற் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவு தோன்றுவதுண்டு.

இப்பொழுது ஞாயிறுதோறும் காலையில், உண்ணுமுன் ஏறி, நிறையை மட்டும் நாட்குறிப்பில் எழுதுகின்றேன். ஒருநாட் கூடுதலையும் குறைவையும் பொருட்படுத்துவதில்லை. அது பெரும்பாலும் நீரும் உப்பும் செய்யும் வேலை. வயிற்றை அளக்கத் தையற்பெட்டியிலுள்ள நாடாவே போதும். தென்னாசிய ஆண்களுக்கு எல்லை 90 சதமமீற்றர்; பெண்களுக்கு 80. என்னுடையது 94.